மண் தொடாத கதிர்

"மண்ணு எங்கவே?"

என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்த கோயில் கமிட்டிச் செயலாளர் சிதம்பரதாணு கேட்ட முதல் கேள்வி இதுதான். போன வருஷம், ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். சாரல் விழுந்து நின்ற காலை. படி ஏறிய மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேட்டி நுனியைத் தூக்கிக்கொண்டு, என் நீல டிரம்களுக்கு இடையே குனிந்து குனிந்து தேடினார். மண்ணை நான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"மண்ணு இல்ல வே," என்றேன்.

"பின்ன நெல்லு எதுல நிக்கு?"

"வெள்ளத்துல." தண்ணீருக்கு எங்கள் பேச்சில் வெள்ளம்.

"வயல்லயும்தான் வெள்ளம் நிக்கும். அதுக்கு அடியில என்னதுன்னு கேக்கேன்."

"அடியில டிரம்மு. டிரம்முக்கு அடியில காங்கிரீட்டு. காங்கிரீட்டுக்கு அடியில நானும் எனக்க பெண்டாட்டியும் குடியிருக்கோம். அதுக்கும் அடியில பாக்கணும்னா இறங்கி வாரும், காட்டித் தாரேன்."

அவரோடு வந்த இரண்டு கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தாணு சிரிக்கவில்லை. ஒரு டிரம்மின் மேல் பலகையைத் தானே தூக்கிப் பார்த்தார். பலகையோடு சேர்ந்து வேரும் வந்தது. வெள்ளை வெளேரென்று, கிழவன் தாடி மாதிரி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு முழ நீளம். பயந்துபோய்ப் பலகையைப் போட்டுவிட்டார். அவர் வேட்டி நனைந்தது.

"கேட்டேரா செல்லையா, மண்ணுல விளையாத கதிரு நிறைக்கு ஆகாது. கமிட்டியில பேசியாச்சு. பெறகு வந்து சண்டைக்கு நிக்கப்பிடாது."

"யாரு பேசினா?"

"எல்லாரும்தான். அது கெடக்கட்டும். மொதல்ல கதிரு எங்க? இந்நேரம் ஒரு அடையாளமாவது தெரியாண்டாமா? இது வெறும் கோரைப்புல்லுல்லா நிக்கு!"

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாக, தோகை தோகையாக நின்றது பயிர். கதிர் வருவதற்கான ஒரு குறியும் இல்லை.

உண்மையைச் சொல்லிக் குத்தினால் எனக்கு வாய் நிற்காது. அந்த இரண்டு பேரையும் சாட்சியாக வைத்துச் சொன்னேன்: "ஆடி நிறைக்கு எனக்க கதிரு எனக்க தலையில ஏறிக் கோயிலுக்கு வரும். வரல்லேன்னா அன்னைக்கே இந்த டிரம்மு அத்தனையும் உடைச்சு ஆக்கர் கடைக்கு எடைக்குப் போட்டிருகேன். மாடியில பெறகு துணிதான் காயும்."

"எழுதித் தாரேரா?" என்று கேட்டார் தாணு.

"எழுத்து உமக்குத்தான் வேணும். எனக்கு வாய் போதும்."

கடிதம் போட்ட ஆசிரியருக்கு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தத் தொடரைப் படித்துவிட்டு குழித்துறைப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். வாரா வாரம் தற்பெருமை தாங்கவில்லையாம். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு பக்கம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்களைப் பற்றி உங்கள் மாணவர்கள் எழுதுவார்கள். என்னைப் பற்றி எழுத நான் போட்ட பைப்புகளுக்குக் கை கிடையாது. நானே எழுதினால்தான் உண்டு. எழுத்துப் பிழையை மட்டும் பத்திரிகை அலுவலகத்தில் திருத்துகிறார்கள். பெருமையைத் திருத்த வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

நிறை என்றால் என்ன

வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கிறீர்கள். அதனால் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஆடி மாதம் நிறைபுத்தரிசி என்று ஒரு நாள் உண்டு. பெரிய அறுவடைக்கு முன்னால், முதலில் விளைந்த கதிரை அறுத்துக் கட்டாக்கி, தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அம்மன் முன்னால் வைத்துப் பூசை முடிந்ததும் போத்தி ஆளுக்கு இரண்டு மூன்று கதிர் தருவார். பூசை செய்கிறவரை நாங்கள் போத்தி என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவிலையோடு சேர்த்து வாசல் நிலையில் கட்ட வேண்டும். கட்டும்போது "நிறை நிறை, பொலி பொலி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுக்க வீட்டில் சோற்றுக்குக் குறைவு வராது என்று நம்பிக்கை.

நம்பிக்கை நல்லதுதான். எங்கள் வீட்டிலும் வருஷா வருஷம் கட்டினோம். வருஷா வருஷம் பட்டினியும் கிடந்தோம்.

கதிர் கொடுப்பதிலும் வரிசை இருந்தது. முதல் கை வயல்காரர்களுக்கு. அப்புறம் கடை வைத்திருப்பவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். கடைசியில், அதே கதிரை நட்டு, களை பறித்து, அறுத்து, தலையில் சுமந்து வந்தவர்கள். எங்கள் முறை வரும்போது கட்டு தீர்ந்திருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கும் காம்பும் பதருமாகப் பொறுக்கித் தருவார்கள். அப்பா தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து வாங்குவார். பதர் வாங்குவதற்கு எதற்கு இரண்டு கை என்று எனக்கு அப்போதே தோன்றும்.

ஒரு வருஷம், எனக்கு ஏழோ எட்டோ வயது. நிறைக்கட்டுக்குக் கதிர் அறுக்கப் போன அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மணி பிடித்து வளைந்த நல்ல கதிராக ஐந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதை எங்கள் ஓலைக் குடிசை வாசலில் கட்டினார். அன்றைக்கு அவர் நடந்த நடையே வேறு.

மதியத்துக்குள் பண்ணைக் காரியஸ்தர் வந்துவிட்டார்.

"இது யாருக்க வயலு கதிருலே?"

காரியஸ்தரே எட்டிப் பிடுங்கினார். கதிரோடு ஓலையும் பிய்ந்து வந்தது. அந்த ஓட்டை வழியாக அந்த ஆடி முழுக்க மழை ஒழுகியது. அம்மா கீழே ஒரு சட்டியை வைத்திருந்தாள்.

அந்தப் பண்ணை தாணுவின் அப்பாவுடையது. தாணுவுக்கும் அப்போது என் வயதுதான் இருக்கும். அவரை அதற்காக நான் குற்றம் சொல்லவில்லை. இன்றைக்கு அவர் என்னை 'வே' என்கிறார், நானும் அவரை 'வே' என்கிறேன். கேட்பவர்களுக்கு இது சாதாரணம். அந்த ஒற்றை எழுத்தைத் திருப்பிச் சொல்ல எனக்கு நாற்பது வருஷமும் ஒரு மாடி வீடும் தேவைப்பட்டது.

அந்தக் காலம்போல வருமா என்று யாராவது எழுதினால், பேசினால், நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். உங்கள் வீட்டுக்கு எத்தனை ஏக்கர் இருந்தது?

செடி எதைத் தின்கிறது

மஸ்கட்டில் நான் குழாய் வேலை பார்த்த கதையைச் சில வாரங்களுக்கு முன்பு எழுதினேன். அதில் ஒன்றை இதற்காகவே சொல்லாமல் வைத்திருந்தேன்.

நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தில், ஒரு வெள்ளரிக்காய்ப் பண்ணைக்கு பைப் போடப் போனோம். பெரிய பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே போனால் ஈரக் காற்று, பச்சை வாடை. கொடிகள் கயிற்றைப் பிடித்து மேலே மேலே ஏறி நிற்கின்றன. விரல் நீளம், முழ நீளம் என்று காய் தொங்குகிறது. கீழே பார்த்தால் மண் இல்லை. வெள்ளைக் குழாய், அதில் ஓடுகிற தண்ணீர், தண்ணீரில் வேர்.

நான் தாணுவுக்கு முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கேட்டவன். "மண்ணு எங்க?" என்று பண்ணை மேற்பார்வையாளரைக் கேட்டேன். அவர் கொல்லத்துக்காரர். எங்கள் பேச்சு அவருக்குப் புரியும், அவர் பேச்சு எனக்குப் புரியும்.

"செல்லையா, செடி மண்ணு தின்னுமோ? வெள்ளத்துல உள்ள சத்தைத்தான் அது தின்னும். மண்ணு அதுக்கு இரிக்க ஒரு கசேரை. அத்ர தன்னே."

நாற்காலி! வேறு ஒன்றுமில்லை. சத்து தண்ணீரில் கரைந்து வேருக்குக் கிடைத்தால் போதும், செடி எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து வளரும் என்கிறார்.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாற்காலிக்காகவா எங்கள் அப்பா காலமெல்லாம் கையைக் கட்டி நின்றார்? அந்த நாற்காலிக்குத்தான் பட்டா, வரப்பு, காரியஸ்தர் எல்லாமா?

அன்றைக்கு முடிவு செய்தேன். ஊருக்குப் போய் நிலம் வாங்க மாட்டேன். வாங்க வக்கில்லாமல் அல்ல. வாங்காமலே விளைவித்துக் காட்ட வேண்டும்.

மாடியில் நடந்தது

இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் என் வீடு. கடல் அதிக தூரமில்லை. தெற்குக் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியை நக்கினால் கரிக்கும். கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். வீடு போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு முருங்கைகூட நேராக நிற்காது. மொட்டைமாடிதான் எனக்கு வயல்.

முதலில் நாலு அங்குல பைப்பில் வட்டம் வட்டமாகத் துளை போட்டுக் கீரை வைத்தேன். மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சத்து உப்புகளைக் கலந்து, மீன்தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்றுப் பம்பை உள்ளே விட்டேன். வேருக்கும் மூச்சு வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கிறது என்று கண்டு டிரம்முக்கெல்லாம் இரண்டு கை பெயின்ட் அடித்தேன். கொசு முட்டையிடாமல் இருக்கத் தொட்டியில் குட்டி மீன் விட்டேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்ட, பேனா அளவில் ஒரு மீட்டர் கிடைக்கிறது. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அலைந்தேன். ஊரில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். முன்னால் 'பைப்பு செல்லையா'. பதவி உயர்வுதான்.

கீரை வந்தது. வெள்ளரி வந்தது. தக்காளி வந்து, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று பறித்துத் தின்றுகொண்டே, "இதுல ருசி இல்ல கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கீரையும் தக்காளியும் யாரையும் சுடாது. நெல் சுடும். எங்கள் பக்கத்தில் நெல் விளைவித்தவன்தான் ஆள். அதனால் சித்திரையில் நெல்லில் கை வைத்தேன்.

பெரிய டிரம்மைக் குறுக்கே அறுத்து, பாதியில் சத்துத் தண்ணீர். மேலே துளை போட்ட தெர்மகோல் பலகை. துளைக்கு ஒரு வலைக் கிண்ணம், அதில் சல்லிக்கல், கல்லைப் பிடித்துக்கொண்டு நாற்று. அப்படி ஆறு டிரம். குருவிக்குக் கடற்கரையில் கிடைத்த பழைய மீன்வலை.

அந்தக் கதிர்தான் நிறைக்குப் போக வேண்டும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைக் கேட்டுத்தான் தாணு மாடி ஏறினார்.

பாக்கியம் சொன்ன வைத்தியம்

என் மனைவி பாக்கியம் அதே பண்ணை வயல்களில் நாற்று நட்டவள். கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம், பின்னால் நான் விசா கிடைத்துப் போகும்வரை. மாடிப் பயிரை அவள் சித்திரையிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. துணி காயப்போட இடம் இல்லை என்ற கோபம்.

தாணு இறங்கிப் போன பிறகு மேலே வந்தாள். ஒரு நெல் தாளை இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருவிப் பார்த்தாள். இன்னொன்றை உருவினாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல. இந்நேரம் தாளு வயிறு வச்சிருக்கணும்."

"வரும்ட்டி. சத்து இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுகேன்."

"கூட்டவா? நீங்க கூட்டிக் கூட்டித்தான் இப்பிடிக் கெடுத்து வச்சிருக்கிய. நேரத்துக்கு நேரம் தின்னக் குடுத்தா அது தோகையை விரிச்சிட்டுச் சொகமா நிக்கும். கதிரு தள்ளணும்னு அதுக்கு என்ன அவசரம்?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுக?"

"பட்டினி போடுங்க."

என் கை சட்டைப் பை மீட்டருக்குப் போனது.

"வயல்ல என்ன செய்வோம்? தூரு கட்டி முடிஞ்சதும் வெள்ளத்தை வடிச்சு, மண்ணு வெடிக்க வரைக்கும் காயப்போடுவோம்லா? அப்பந்தான் பயிருக்குப் பயம் வரும். பயந்தா கதிரு தள்ளும். இஞ்ச வடிக்க முடியாது, வேரு காஞ்சிரும். அந்தப் பொடி கலக்குன வெள்ளத்தைக் கொட்டிட்டு வெறும் மழைவெள்ளம் ஊத்துங்க. அதும் பாதி."

"முடியாதுட்டி."

"ஏன் முடியாது?"

ஏன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டை நான் கட்டும்போது மனசுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். இந்தக் கூரைக்குக் கீழே எதுவும் பசியோடு இருக்கக் கூடாது. தெரு நாய்க்கு வேளை தவறாமல் சோறு வைப்பேன். பம்ப் பழுதான நாளில் கீரைக்குக் கப் கப்பாக நானே மொண்டு ஊற்றினேன். மீட்டரில் எண் கொஞ்சம் இறங்கினாலும் உடனே சத்தைக் கரைத்து ஊற்றுவேன். சின்ன வயதில் அடுப்பு எரியாத நாளில் நான் அண்டை வீட்டுப் புகையை எண்ணிக்கொண்டு இருந்தவன். என் கையால் ஒன்றைப் பட்டினி போடு என்றால்?

கமிட்டியை எதிர்த்து நிற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. இதுதான் முடியவில்லை. இரண்டு நாள் அவள் பேச்சைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது நாள் காலை அவளே வாளியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். பின்னாலேயே ஓடினேன்.

"நில்லுட்டி. நானே செய்யுகேன்."

ஆறு டிரம்மையும் நானே சாய்த்தேன். சத்துத் தண்ணீர் மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடியது. வெறும் மழைத்தண்ணீரைப் பாதிக்கு ஊற்றினேன். மீட்டரைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பாக்கியத்திடம் கொடுத்தேன்.

ஒன்பது நாள். நாலாவது நாள் கரும்பச்சை வெளுத்தது. ஆறாவது நாள் இலை நுனி மஞ்சளானது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க எதுக்குச் சாப்பிடாம கெடக்கிய? உங்களுக்குமா கதிரு வரணும்?" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் மறுபடி சத்து. அதுவும் அவள் சொன்ன அளவுதான், நான் சொன்ன அளவு இல்லை. ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் பாக்கியம் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனாள். ஒரு தாளை என் விரலில் கொடுத்தாள். உருண்டையாக, மெத்தென்று இருந்தது.

"வயிறு வச்சிட்டு," என்றாள்.

நெல் வளர்த்தவன் நான் என்று ஊரில் சொல்லித் திரிகிறேனே, அதில் பாதி பொய். கதிர் வரவழைத்தவள் அவள். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால்.

லோடு ஆட்டோவில் வந்த மண்

அந்த வருஷம் நிறை ஆடிக் கடைசியில் வந்தது என் நல்ல நேரம். அதற்குள் கதிர் வெளியே வந்து பால் பிடித்துக் கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது. பாதி பச்சை, பாதி பொன். எல்லாம் வரவில்லை. ஆறு டிரம்மிலும் தேடி, தலை சாய்ந்ததாகப் பதினொரு கதிர் அறுத்தேன்.

விடிந்ததும் குளித்து, வாழையிலையில் பதினொன்றையும் சுருட்டி, துண்டைச் சும்மாடாக்கித் தலையில் வைத்தேன். எடையே தெரியவில்லை. ஆனால் ஒரு மூட்டை சுமக்கிறவன் மாதிரித்தான் நடந்தேன். பாக்கியம் பின்னால் வந்தாள். அண்டை வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நடுத் தெருவில் போனேன்.

கோயில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதிலிருந்து கமிட்டியின் கதிர்க்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று டிரைவரைக் கேட்டேன். ஏதோ வியாபாரி ஏற்றிவிட்டார், ஊர் பெயர் தனக்குத் தெரியாது என்றான்.

வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் முதல் போகமான கன்னிப்பூ விதைக்க வயலே இல்லை. பண்ணை வயல் முழுக்கச் செம்மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, மனையாகப் போய்விட்டது.

தாணு வாசற்படியில் நின்றார். என் தலைமேல் இருந்த கட்டைப் பார்த்தார்.

"கதிரு வந்திட்டா?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"வந்திட்டு. போத்திகிட்ட குடுக்கணும். வழி விடும்."

"நான் அன்னைக்கே சொன்னேனே வே. மண்ணுல விளைஞ்சதுதான் ஏறும்."

"அந்த ஆட்டோவுல உள்ளது எந்த மண்ணு? உமக்குத் தெரியுமா?"

"எந்த மண்ணானாலும் மண்ணுதானே."

"யாருக்க வயல்னு கேட்டு எங்க வீட்டு வாசல்ல பிடுங்கினிய. இன்னைக்கு யாருக்க வயல்னே தெரியாத கதிரு உள்ள போகுது. அப்பம் வயலு யாருக்கதுன்னாலும் பரவாயில்ல, எனக்கதா மட்டும் இருக்கப்பிடாது. அப்பிடித்தானே?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து போத்தி எட்டிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், கமிட்டி வைத்த சம்பளக்காரர். "கமிட்டி சரின்னு சொன்னா நான் வாங்குகேன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாணு குரலைத் தாழ்த்தினார். "வயலு போயிட்டு வே. நான்தான் வித்தேன். பிள்ளையளு ஒண்ணும் இஞ்ச இல்ல. இந்த நிறையாவது பழைய மாதிரி நடக்கட்டும்னு பாக்கேன். மனுஷன் எதையாவது ஒண்ணைப் பிடிச்சிட்டு நிக்கணும்லா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

"பிடிச்சிட்டு நில்லும் வே. நான் வேண்டாம்னு சொல்லல்ல. எங்க அப்பனுக்க கழுத்தை விட்டுட்டு வேற எதையாவது பிடியும்."

அவர் விலகவில்லை. உள்ளே மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது. ஆட்டோக் கதிர் அம்மன் முன்னால் போனது. என் கதிர் என் தலையிலேயே இருந்தது. இறக்கி வைக்காமல் பூசை முடியும்வரை அப்படியே நின்று கும்பிட்டேன். அம்மனுக்கு உயரத்தில் இருப்பது தெரியாதா என்ன.

பூசை முடிந்து கதிர் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது அந்தப் பழைய வரிசை கிடையாது, யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்கு. போத்தி எடுத்துத் தர, தாணு பக்கத்தில் நின்று கை மாற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. நல்ல கதிராக மூன்று பார்த்து எடுத்து என்னிடம் நீட்டினார். சமாதானத்துக்குத்தான் நீட்டினார், எனக்குத் தெரியும்.

"வாங்கும் வே."

நான் கையை நீட்டவில்லை.

"வேண்டாம் வே. எங்க வீட்டுல விளைஞ்சிருக்கு."

நிறைக்கதிரை வேண்டாம் என்று சொன்னவன் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

அப்போது பாக்கியம் என்னைத் தாண்டி முன்னால் வந்து கையை விரித்தாள்.

"ஏட்டி!" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க. இது அம்மைக்க கதிரு. தாணு அண்ணனுக்கதும் இல்ல, கமிட்டிக்கதும் இல்ல. நான் எதுக்கு விடணும்?" என்று சொல்லி மூன்றையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாணு முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. வரட்டும். அவளை எதிர்த்து நான் என்றைக்கு ஜெயித்தேன், அன்றைக்கு ஜெயிக்க?

என் வாசல்

வீட்டுக்கு வந்ததும் அவள் கோயில் கதிரை அரிசிப் பானைக்குள் வைத்தாள். "வாசலு உங்களுக்கு," என்றாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பதினொரு கதிரையும் மாவிலைக் கொத்தோடு சேர்த்துப் பிடித்தேன். கட்ட நார் எடுத்து வைக்க மறந்திருந்தேன். சட்டைப் பையில் பைப் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் இருந்தது. அதால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி நிலைக் கொக்கியில் இறுக்கினேன். என் கை போட்ட கட்டு, சொட்டுத் தண்ணீர் ஒழுகாது.

எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் தெருவில் நின்றுவிட்டார்கள்.

"சொல்லுங்க," என்றாள் பாக்கியம் கீழேயிருந்து.

வாயைத் திறந்தேன். 'நிறை' என்று சொல்ல வேண்டும், இரண்டு எழுத்து. வரவில்லை. மறுபடி திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"சொல்லுங்கன்னா! மூணு மாசமா ஊரைக் கூட்டிப் பேசின வாயி எங்க போச்சு?"

தலையை ஆட்டினேன், முடியவில்லை என்று. அவள் ஒரு நிமிஷம் என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருப் பக்கமாகத் திரும்பினாள். வயலில் அந்தக் கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரல் ஒன்று அவளுக்கு உண்டு. அவள் வயலை விட்ட பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை. அந்தக் குரலில், தெரு முக்கு வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"நிறை! நிறை! பொலி! பொலி!"

நான் வாய் பேசாமல் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். மறைக்காமல் எழுதிவிட்டேன். கமிட்டிக்காரர்கள் வேண்டுமானால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளட்டும். இந்த ஆடிக்கு என் கதிரை ஏற்பார்களா மாட்டார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. டிரம் இப்போது பத்து. போன வருஷத்துக் கதிர், இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை, என் வாசலில்தான் இருக்கிறது.